கைது முறைகெட்டால் வழக்கு மடியுமா?

போலீஸார் ஒருவரைக் கைது செய்தால், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட்டின் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது நமது அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து. அவ்விதமின்றி இரண்டு மூன்று நாள் லாக்கப்பில் வைத்திருந்துவிட்டு, "இன்று காலையில்தான் பிடித்தோம்" என்று எழுதிக்கொண்டு வந்தால், அவரை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா? இல்லை, வழக்கே விழுந்துவிடும் என்று பொதுவேலையில் ஈடுபட்ட அன்பர்கள் பலர் நம்பியிருக்கின்றனர். அந்த நம்பிக்கை தவறானது என்பதை நாம் வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

கைதி சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டவர் என்ற ஆட்சேபம் புதிதல்ல. 1910-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறிய சாவர்க்கரைப் பிரெஞ்சு மண்ணில் பிடித்து மீண்டும் கப்பலில் ஏற்றினர். பம்பாயில் விசாரணை நடந்தபோது இந்த ஆட்சேபம் கிளப்பப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் இந்நாட்டில் கோர்ட்டின் முன் நிற்கும்போது, எவ்விதம் வந்தார் என்ற விவாதம் அவருக்கு உதவாது என நீதிபதிகள் தள்ளிவிட்டனர். கைதிலுள்ள முறைகேடு விசாரணையைப் பாதிக்காது என்று 1944-ல் பிரிவி கவுன்ஸிலும் கூறிற்று. சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டும் 1957-ல் அந்த வழியையே பின்பற்றியது.

இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. கோர்ட்டின் அதிகாரம் சட்டத்திலிருந்து பிறப்பது. போலீஸாரின் நடத்தையிலிருந்து பிறப்பதன்று. கொலைகாரனை ஒரு நாள் அதிகமாக அடைத்து வைத்த குற்றத்துக்காக, மாண்டவனின் மனைவி மக்கள் நியாயம் இழக்கலாமா?

ஆனால், போலீஸாரின் தவறு வழக்கைக் கெடுக்காது என்பது வேறு. அது தவறே அன்று என்பது வேறு. கைதுக்குக் காரணம் தெரிவிக்காவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. புலன்விசாரணையும் வழக்கும் நிற்கும். எனினும் குற்றப் பத்திரிகை தாக்கலானதால் மட்டும் செல்லாத கைது செல்லுபடியாகாது என 2025-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. காஷ்மீர் சட்டசபை அங்கத்தினர் ஒருவரைச் சபைக்குப் போகவிடாமல் அடைத்ததற்கு 1985-ல் 50,000 ரூபாய் நஷ்டஈடு விதித்ததும் அக்கோர்ட்டே. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையோ, அந்நிய நாட்டிலிருந்து சட்டத்தை மீறிக் கொண்டுவரப்பட்டவரை விசாரிக்கக் கோர்ட் மறுக்கலாம் என்று 1993-ல் தீர்ப்பளித்தது. அதிகாரம் இல்லை என்பதன்று அதன் பொருள். இருக்கும் அதிகாரத்தை அக்கிரமத்துக்குத் துணையாகச் செலுத்த வேண்டியதில்லை என்பதே.

ஆகவே பரிகாரம் தேடும் காலம் தீர்ப்பு நாளன்று. முதல் ரிமாண்டு நாள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பிடிக்கப்பட்டோம் என்பதைக் கைதி அன்றே வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். 24 மணி நேரம் கடந்தும் ஆள் ஆஜராகாவிட்டால், உறவினர் தாமதமின்றி ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். முறையான ரிமாண்டு உத்தரவு பிறந்த பிறகு, பழைய குறையைக் காட்டி விடுதலை பெறுவது கடினம்.

மாஜிஸ்திரேட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. கைதியை விசாரிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கைதி நேற்றிரவு எங்கே இருந்தார் என்று கேட்கும் கடமையும் அதே கோர்ட்டுக்கு உண்டு. கேளாமல் ரிமாண்டில் கையொப்பமிடுகிறவர், போலீஸார் செய்த குற்றத்துக்குத் தாமும் உடந்தையாகிறார் என்பது நமது அபிப்பிராயம்.