விமானம் ஓட்ட ஆசையா? முதலில் கணக்குப் பாருங்கள்!

விமானிக்கு லட்சக்கணக்கில் சம்பளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அனுபவம் பெற்ற தலைமை விமானிக்கு அது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார எத்தனை ஆண்டு ஆகும்? அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அதை யாரும் சொல்வது இல்லை.

அடையாற்றில் நின்று அண்ணாந்து பார்த்தால், மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானங்கள் தாழப் பறந்து செல்வதைக் காணலாம். அவற்றில் சில சிறியவை. சுமார் 70 பேர் அமரலாம். இறக்கையில் விசிறி சுழலும். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் "ஏ.டி.ஆர்." விமானங்கள் இவை. புதிய விமானிகள் பலர் இதில்தான் தொழிலைத் தொடங்குகிறார்கள்.

200 மணி நேரம்

பிளஸ் 2 வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும். வயது 18 ஆகவேண்டும். 200 மணி நேரம் விமானம் ஓட்டிப் பழகவேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு முழுவதும் மாணவருடையது! வானிலை, வழி அறிதல், விமானச் சட்டம் ஆகியவற்றில் பரீட்சையும் உண்டு.

இதற்குச் செலவு? அரை கோடி ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தொகைக்கு வங்கி ஈடு கேட்கும். மைலாப்பூரில் தாத்தா கட்டிய வீட்டின் பத்திரம் அங்கே போய்விடும்.

60 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால், மாதம் சுமார் 82 ஆயிரம் ரூபாய் கட்டவேண்டும்!

லைசென்சு வந்தபின்

லைசென்சு கிடைத்ததும் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறாரோ, அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பல லட்சம். பல இடங்களில் அந்தப் பணத்தையும் விமானியே கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால், இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் சம்பளம் இல்லை. வட்டி மட்டும் நிற்பது இல்லை.

பபலோ விபத்து

இது பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு அமெரிக்காவில் பபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய விமானம் வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள்.

தலைமை விமானி கைப்பிடியைத் தவறாக இழுத்ததே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானியான இளம்பெண்ணின் ஆண்டுச் சம்பளம் 25 ஆயிரம் டாலருக்கும் குறைவு! பெற்றோர் வீட்டில் தங்கி, அமெரிக்காவின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். களைப்போடு ஓட்டுகிறவரை நம்பித்தானே பயணிகள் ஏறுகிறார்கள்?

அதன்பின் 2010-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. பயணி விமானம் ஓட்டப் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் தேவை என்றது. இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது. அதை 48 ஆக்கும் விதி 2025-ல் அமலுக்கு வந்தது.

பிள்ளையையோ பெண்ணையோ இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பள்ளிக்குப் பணம் கட்டும் முன் உடல் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. நிறங்களைப் பிரித்தறிய முடியாதவருக்கு லைசென்சு கிடைப்பது கடினம். பணம் கட்டியபின் அது தெரிந்தால், பத்திரத்தை மீட்பது யார்?