பி.டி.எஃப். திறந்தா எழுத்து உடையுதா?

போன வருஷம், கல்லூரிச் சேர்க்கை நேரம். எங்க பக்கத்து வீட்டு அக்கா, மகளோட சாதிச் சான்றிதழைக் கைபேசியில் பதிவிறக்கி, வாட்ஸ்அப் வழியா ஒரு டி.டி.பி. கடைக்கு அனுப்பினாங்க. திரையில் பார்த்தப்போ எல்லாம் சரியாத்தான் இருந்தது. கையில் வந்த பிரிண்ட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்து ‘பொ’ மூணு துண்டாகக் கிடந்தது. கொம்பு தனி, ப தனி, கால் தனி. சரிபார்க்கும் மேசையில் "இதுல ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.

கடைக்காரர் எந்தத் தில்லுமுல்லும் செய்யலை. ஓரத்தைச் சரிபண்ணி அழகா எடுத்துத் தரலாம்னு கோப்பை டிசைன் மென்பொருளில் திறந்திருக்கார். அங்கேதான் சிக்கல்.

பி.டி.எஃப். என்பது கிட்டத்தட்ட அச்சடிச்ச தாள் மாதிரி. ‘இந்த இடத்தில் இந்த வடிவத்தை வரை’ என்ற குறிப்புகள்தான் அதுக்குள்ளே இருக்கும். எழுத்துருவையும் பெரும்பாலும் முழுசா எடுத்துட்டு வராது. அந்தப் பக்கத்துக்குத் தேவையான எழுத்து வடிவங்களை மட்டும் கூடவே வைத்திருக்கும். பி.டி.எஃப். ரீடர் அதை அப்படியே வரைந்து காட்டும். டிசைன் மென்பொருளின் வேலை வேறு. நீங்க திருத்தணும் என்பதற்காக அந்த வடிவங்களை மறுபடி எழுத்தாக மாற்றப் பார்க்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லைன்னா வேறொன்றைப் போட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இதனால் எழுத்தின் அழகு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். தமிழில் சொல்லே சிதையும். ‘பொங்கல்’ என்று எடுத்துக்கோங்க. யூனிகோடில் முதலில் ப, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். தாளில் வரையும்போது கொம்பு முதலில், அப்புறம் ப, அப்புறம் கால். பி.டி.எஃப்.பில் இருப்பது பெரும்பாலும் இந்த வரைந்த வரிசை. அதைத் திரும்ப எழுத்தாக வாசிக்கும் மென்பொருளுக்கு, முன்னாடி எழுத்தே இல்லாமல் ஒரு கொம்பு வந்து நிற்கும். அதுக்கு ஒரு புள்ளி வட்டம் போட்டுக் காட்டும். நீங்க பார்க்கிற அந்த வட்டம் இதுதான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த அழைப்பிதழ், நோட்டீஸ் என்றால் கதை வேறு. பாமினி தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எழுத்துரு போனால் அதுதான் வெளியே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சகங்களில் பாமினி இன்னும் ஓய்வு பெறவில்லை!

கடைக்குப் போகும் முன்னாடி கைபேசியிலேயே ஒரு சோதனை செய்யலாம். பி.டி.எஃப்.பில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. தமிழ் சரியா வந்தால் நல்ல அறிகுறி. குப்பையாக வந்தால் டிசைன் மென்பொருளிலும் குப்பைதான் வரும். வரியைத் தேர்வு செய்யவே முடியலைன்னா அது ஸ்கேன் செய்த படமாகவோ, வளைகோடாக மாற்றிய எழுத்தாகவோ இருக்கலாம். எதுவானாலும் உள்ளே திருத்த எழுத்து கிடையாது.

குப்பையாக வந்தால் எழுத்தாக இறக்காமல் வடிவமாக இறக்கணும். கோரல்டிராவில் இறக்கும்போது டெக்ஸ்ட்டா, கர்வ்ஸா என்று கேட்கும், கர்வ்ஸ் கொடுங்க. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் பாப்ளர் வழியாக இறக்கும் வாய்ப்பு இருக்கு, அதுவும் எழுத்தை வளைகோடாக மாற்றிவிடும். ஒரு தேதியோ பெயரோ மட்டும் மாறணும் என்றால் அந்த வரியை நீக்கிட்டு யூனிகோடில் புதுசா தட்டச்சு செய்தால் போதும். வடிவமைத்தவர் தெரிந்தவர் என்றால் மூலக் கோப்பையே கேட்டு வாங்குறது இதைவிட நல்லது. கர்வ்ஸ் ஆக்கியபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் பிழை பார்த்துட்டு மாத்துங்க.

கேன்வா செயலியில் செய்கிறவர்கள் தமிழ்ப் பக்கத்தைப் படமாக மாற்றி, பின்னணியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம். 1080 புள்ளி அகலமுள்ள திரையை ஏ4 தாளில் விரித்தால் அங்குலத்துக்கு 130 புள்ளிதான் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 வேணும், அதாவது 2480-க்கு 3508 புள்ளி உள்ள படம்.

இவ்வளவும் அழைப்பிதழ், நோட்டீஸ், பெயர்ப் பலகைக்குத்தான். அரசுச் சான்றிதழை எந்த டிசைன் மென்பொருளிலும் இறக்கவே வேண்டாம், கர்வ்ஸ் கொடுத்தும் வேண்டாம். அதில் உள்ள மின் கையொப்பம் அந்தக் கோப்போடு கட்டிப்போட்டது. இறக்கித் திரும்பச் சேமித்தால் கிடைப்பது புதுக் கோப்பு. கையொப்பம் படமாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. க்யூ.ஆர். கோடு கொஞ்சம் இழுபட்டாலோ மங்கினாலோ ஸ்கேன் ஆகாமலும் போகலாம். ரீடரில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பயப்படாதீங்க. பெரும்பாலும் அந்தக் கணினியில் கையொப்பத்தை இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம், போலி என்று அர்த்தமில்லை.

இ-ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்கும். உங்க பெயரின் முதல் நாலு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. அதைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க. நேரில் நின்று நீங்களே தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழிக்கச் சொல்லுங்க. வெளிக்கடைகளில் அச்சிடும் பி.வி.சி. ஆதார் அட்டையில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆதார் ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கு. அட்டையாக வேணும் என்றால் ஆணையத்தின் இணையதளத்திலேயே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம்.

சான்றிதழ் பிரிண்ட் எடுக்கும்போது கடையில் ஒரே வரி சொன்னால் போதும்: "அண்ணா, ரீடர்லயே திறந்து, ஃபிட் கொடுத்து எடுங்க." ஓரம் வெட்டுப்படாது. அக்கா அன்னிக்கு சாயங்காலமே கைபேசியில் இருந்த முதல் கோப்பை இப்படித்தான் எடுத்தாங்க. மறுநாள் அதே மேசையில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பார்த்துட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கிட்டாங்க.