நாற்றுக்கும் மூச்சு வேண்டும்!

பென்னாகரம் பக்கத்தில் தக்காளி நல்ல பயிர். கொல்லைக்குப் பத்து இருபது நாற்று போதும் என்கிறவர்கள் வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம். ஆடும் கோழியும் அங்கே வராது.

சன்னலோரம் ஒரு பழைய மரப்பெட்டி, பாதிக்கு மண்ணும் மக்கிய எருவும், மேலே கண்ணாடி மூடி. இத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் வினை! உள்ளே ஈரம் தேங்கும். தண்டின் அடி அழுகி நாற்று சாயும். விதைக்காசு போயிற்று!

ஒரு பக்கத்தில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே நான்கு துளை போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் மூடியை ஒட்டி நான்கு. சூடான காற்று மேலே போகும். குளிர்ந்த காற்று கீழே நுழையும். பூச்சி வராமல் துளைகளுக்கு நெருக்கமான நைலான் வலை ஒட்டுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு ஏறினால் என்ன ஆகும்? நீலகிரியைக் கேட்கலாம். மலேரியாவுக்குக் கொயினா மருந்து தரும் சிங்கோனாச் செடிகளை 1860இல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்தார். செங்கடல் வெப்பத்தில் அவை வாடின. மிஞ்சியவையும் ஊட்டியில் பிழைக்கவில்லை. 1861இல் வந்த விதைகளும் செடிகளுமே வேர் பிடித்தன.

ஆகவே உச்சிவெயிலில் மூடியைத் தூக்கி ஒரு குச்சியை முட்டுக் கொடுங்கள். பொழுது சாய்ந்ததும் எடுத்துவிடுங்கள். 25 நாளில் நாற்று நடவுக்குத் தயார்.