எந்த ஈஸ்ட் என்று தெரியாமல் எந்த மருந்து?

ஒரே நோயாளியின் ரத்தத்தில் இரண்டு ஈஸ்ட் கிருமிகள். ஒன்று, சோதித்துப் பார்த்த எல்லா மருந்துகளுக்கும் பணிந்தது. மற்றது ஃபுளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், ஆம்போடெரிசின் பி, கேஸ்போஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகிய ஆறில் எதற்குமே பணியவில்லை. வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து போயிருந்த அந்த நோயாளி பிழைக்கவில்லை.

இது மலேசியாவில் நடந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.எம்.ஆர். ஆய்வாளர்கள் 2018-ல் ‘மைக்கோபத்தாலஜியா’ இதழில் இதைப் பதிவு செய்தார்கள். பணிந்த கிருமி கேண்டிடா டிராபிகாலிஸ். பணியாதது கேண்டிடா ஆரிஸ். சாதாரண ஊட்டத்தட்டில் வளர்த்தால் இரண்டும் வெண்மையாகவே தெரியும். ஒரே கிருமி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் வண்ண ஊட்டத்தட்டில் வளர்த்தால்தான் இப்படிக் கலந்து கிடப்பவை பிரிந்து தெரியும். அந்த அறிக்கை அழுத்திச் சொல்வதும் இதையே.

ஐ.எம்.ஆர். இன்று கிள்ளானுக்குப் பக்கத்தில் செத்தியா ஆலாமில் இயங்குகிறது. ஆனால் போர்ட் கிள்ளானில் ஒரு பெண் அரிப்பும் வெள்ளைப்படுதலுமாக அவதிப்படும்போது, எந்த ஈஸ்ட் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு மாத்திரை. அடுத்த மாதம் அதே களிம்பு, அதே மாத்திரை. இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் இந்தச் சுற்றுதான்.

கேண்டிடா என்ற இந்த ஈஸ்ட் பெரும்பாலும் வெளியிலிருந்து படையெடுத்து வருவதல்ல. வாய், குடல், பிறப்புறுப்பு, தோல் என்று நம் உடம்பிலேயே குடியிருப்பது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சாப்பிட்டுப் பக்கத்துப் பாக்டீரியாக்கள் அழிந்தாலோ, ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலோ, நோய் எதிர்ப்பு சக்தி தளர்ந்தாலோ அது பெருகுகிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பிறப்புறுப்பில் இந்தத் தொற்று வருகிறது. கைக்குழந்தையின் வாயில் வெள்ளைத் திட்டாக வருவதும், பொய்ப்பல் வைத்திருக்கும் முதியவரின் அண்ணம் சிவந்து எரிவதும் இதே குடும்பத்தின் வேலை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுகிறவர்கள் அதன்பின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

நம் சமூகம் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், 18 வயது நிரம்பிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாத உடம்பு ஈஸ்டுக்கு விருந்து. போதாததற்கு, எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள்தான். ஆனால் அவற்றைச் சாப்பிடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவதைவிட, கிளினிக்கில் சொல்லிவிடுவது ஆயிரம் மடங்கு மேல்.

ஈஸ்ட் உள்ளிட்ட பூஞ்சைகளுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் கடினம்? பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது. நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்கலாம். ஈஸ்டின் செல் அமைப்பில் நமக்கு நெருங்கிய உறவு. வேறுபாடுகள் சிலவே. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், அதனிடம் எர்கோஸ்டெரால். அதற்குக் குளூக்கனால் ஆன சுவர் உண்டு, நமக்கு இல்லை. ஃபுளூகோனசோல் உள்ளிட்ட அசோல்கள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. ஆம்போடெரிசினும் நிஸ்டாட்டினும் அந்த எர்கோஸ்டெராலையே பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கின்றன. கேஸ்போஃபங்கின் வகை, சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. அதை ஊசி வழியாகத்தான் செலுத்த முடியும். உடல் முழுவதும் பரவிய கேண்டிடாவுக்கு மருத்துவர் கையில் இருப்பவை பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்களே. ஒரு குடும்பம் கைவிட்டால் மிச்சம் இரண்டு.

இப்போது கிருமிகளின் பக்கம் வருவோம். அதிகம் காணப்படும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃபுளூகோனசோலுக்கு அடங்கும். கேண்டிடா குரூசி என்பது பிறவியிலேயே அந்த மருந்துக்கு அடங்காதது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் பயனில்லை. கேண்டிடா கிளாப்ராட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மருந்து உள்ளே வந்தால் அதை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களைப் பெருக்கிக்கொள்ளும். மாத்திரை தரும்போதெல்லாம் ஆல்பிகன்ஸ் ஒடுங்கி, இந்த அடங்காதவை அந்த இடத்தைப் பிடிப்பதும் உண்டு.

எது அடங்கும் என்று ஆய்வுக்கூடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், ஒவ்வொரு வரிசையிலும் மருந்தை 64, 32, 16, 8 என்று பாதி பாதியாகக் குறைத்து ஊற்றுகிறார்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு ஈஸ்டைச் சேர்த்து, 35 டிகிரி வெப்பத்தில் சுமார் 24 மணி நேரம் வைக்கிறார்கள். கிருமி வளர்ந்த குழி கலங்கும். வளர்ச்சி அடங்கிய குழிகளில் எதில் மருந்து மிகக் குறைவோ, அதுதான் விடை. மருந்தைப் படிப்படியான அளவில் ஏற்றிய பட்டையை ஊட்டத்தட்டின்மேல் வைத்து, கிருமி வளராத பகுதி பட்டையை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. 2018 அறிக்கையில் கையாண்டது இந்தப் பட்டை முறையைத்தான்.

அந்த எண் மட்டும் போதாது. அமெரிக்கத் தர அமைப்பின் அளவுகோலில் ஃபுளூகோனசோலுக்கு 16 என்று விடை வந்தால், ஆல்பிகன்ஸாக இருந்தால் மருந்து தோற்றது என்று பொருள். 8-லேயே அது தோற்றுவிட்டது. கிளாப்ராட்டாவாக இருந்தால் அதே 16-க்குப் பொருள் வேறு: மாத்திரையின் அளவைக் கூட்டினால் பலிக்கக்கூடும். குரூசியாக இருந்தால் எண்ணைப் பார்க்க வேண்டியதே இல்லை. கிருமியின் பெயர் தெரியாத எண்ணால் யாருக்கும் உபயோகமில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் குழிகளில் உள்ள திரவம் நடுநிலையானது. பெண்ணின் பிறப்புறுப்போ அமிலத்தன்மை உடையது. அமிலச் சூழலில் அசோல்களின் வீரியம் குறைகிறது, குறிப்பாகக் கிளாப்ராட்டாவிடம். தாளில் பலிக்கும் மருந்து உடம்பில் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் முன், வந்திருப்பது ஈஸ்ட்தானா? 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு ஈஸ்ட் தொற்று என்று தாங்களே முடிவு செய்து மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே அது உண்மையாக இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியாவால் வரும் வேறு கோளாறு. அதற்குப் பூஞ்சை மருந்து எள்ளளவும் உதவாது.

மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவர்களின் கதை வேறு. ரத்த நாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்கள், தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் கிடப்பவர்கள், புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட் ரத்தத்தில் கலப்பது உயிராபத்து. இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. அங்கே ரத்தத்தில் முதலிடம் பிடித்தது ஆல்பிகன்ஸ் அல்ல, டிராபிகாலிஸ், 41.6 விழுக்காடு. ஐரோப்பியப் பாடநூலை மட்டும் நம்பி மருந்து எழுதினால் நம் வட்டாரத்தில் குறி தவறக்கூடும்.

முதலில் பார்த்த கேண்டிடா ஆரிஸ் 2009-ல் தோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் மிக முக்கியமான நான்கில் இதுவும் ஒன்று. தோலிலும் கட்டில் கம்பியிலும் பல நாள் தங்கும். வழக்கமான சில தரைக் கிருமிநாசினிகளுக்குச் சரியாகச் சாகாது, குளோரின் வகை வேண்டும். பார்வையாளரின் கைக்கு மட்டும் சாராயக் கரைசல் போதும். வார்டு வாசலில் அதை வைத்திருப்பது வெறும் சடங்கல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிறேன். ஓர் ஆண்டில் மூன்று முறை திரும்பி வந்தாலோ, மருந்து முடித்தும் அடங்காவிட்டாலோ, அடுத்த மாத்திரைக்கு முன் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கூடவே ரத்தத்தில் சர்க்கரை அளவையும் பாருங்கள். கர்ப்பிணிகள் ஃபுளூகோனசோல் மாத்திரையைத் தாமாக எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஏழு நாள் உள்ளே வைக்கும் கிளோட்ரிமசோல் போன்ற மருந்தே வழக்கம். வந்திருப்பது கிளாப்ராட்டா என்று தெரிந்தால், நிஸ்டாட்டினோ உள்ளே வைக்கும் போரிக் அமிலக் குளிகையோ மருத்துவர் எழுதக்கூடும். போரிக் அமிலம் விழுங்கினால் நஞ்சு. அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பயன்படுத்தவே கூடாது.