உக்கிராணச் சாவி

கல்யாண வீட்டில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய் எல்லாம் அங்கேதான். அதன் சாவி பெண்ணின் அப்பாவிடம் இருக்காது. ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார்கள். சமையல்காரர் வந்து கேட்டால் அளந்து கொடுப்பார்கள். அந்த இரண்டு நாளும் அவர்களை மீறி அங்கே அடுப்பு எரியாது. ஆனால் அறைக்குள் இருக்கிற ஒரு தேங்காய்கூட அவர்களுடையது இல்லை.

பவுல் தன்னையும் தன்னோடு ஊழியம் செய்தவர்களையும் எப்படிப் பார்க்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதும் இடத்தில், நம் பழைய தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் சொல் உக்கிராணக்காரர். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் சபையின் கண்காணிக்கும் அதே சொல்தான். கிரேக்கத்தில் ஒய்கோனொமோஸ், வீட்டை நிர்வகிக்கிறவன். ரோம உலகத்தில் பெரும்பாலும் அவனும் ஓர் அடிமைதான். மற்ற அடிமைகளுக்கு வேலை சொல்வான், தானியம் அளப்பான், எஜமான் கேட்கிற நாளில் கணக்கு ஒப்புவிப்பான். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் அவனுடைய வேலை, ஏற்ற வேளையில் வேலைக்காரருக்குப் படி கொடுப்பது. படி என்ற அந்தத் தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அளவையும் அதுதான், அன்றாடக் கூலியும் அதுதான். அந்த உவமையில் கெட்டுப்போகிறவன் என்ன செய்கிறான்? எஜமான் வரத் தாமதம் என்று நினைத்து, வேலைக்காரரை அடிக்கிறான். தானே புசித்துக் குடித்து வெறிக்கிறான். அடிப்பதும் திருடுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருகின்றன.

ஆவிக்குரிய அதிகாரம் ஒரு பக்கம், பணவிஷயம் இன்னொரு பக்கம் என்று நாம் இன்று பிரித்துப் பேசுகிறோம். ஆதிச்சபைக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஏறக்குறைய கி.பி. 155-ல் ரோமாபுரியிலிருந்து எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விவரிக்கிறார். வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள். அது கூட்டத்தை நடத்துகிறவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் அதைக்கொண்டு அநாதைகளையும் விதவைகளையும் நோயாளிகளையும் சிறையில் இருப்பவர்களையும் அந்நியரையும் பராமரிக்கிறார். பிரசங்கம் செய்து அப்பத்துக்காக ஸ்தோத்திரம் சொல்கிற அதே ஆளிடம்தான் பணமும் இருந்தது.

அதனால் அவர்கள் வெள்ளந்தியாக நம்பிவிடவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்த பவுல், அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக மறுக்கிறார். சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரன் கூட வரவேண்டும் என்கிறார். யாரும் தன்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்னால் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னாலும் சரியாக இருக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வார்டின் மருந்து அலமாரி நினைவுக்கு வரும். மார்பின் எடுத்தால் இரண்டு நர்ஸ்கள் எண்ண வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும். ஷிப்ட் மாறும்போது மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் சாவி கை மாறும். இருபது வருடம் வேலை பார்த்தவருக்கும் அதே எண்ணிக்கைதான். என்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று இதுவரை யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சபையில் கணக்குக் கேட்டால் மட்டும் ஏனோ சுளிக்கிறோம்.

‘டிடாகே’ என்ற சிறிய நூலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சபை ஒழுங்கைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கையேடுகளில் ஒன்று. 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் பிரையன்னியோஸ் என்பவர் அதன் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து, 1883-ல் அச்சிட்டார். ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் பற்றி அது ஒரு விசித்திரமான காரியம் சொல்கிறது. ஆவியில் பேசுகிற தீர்க்கதரிசியைச் சோதிக்காதே, அது மன்னிக்கப்படாத பாவம் என்று முதலில் பயமுறுத்துகிறது. உடனே, அவன் நடத்தையைப் பார் என்கிறது. வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் பொய்யன். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் அப்பம் வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் பொய்யன். ஆவியில் விருந்துக்கு உத்தரவிட்டு, அந்த விருந்தில் தானே கை வைத்தால் அவனும் பொய்யன். ஆனால் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டால், அவனை ஒருவனும் நியாயந்தீர்க்கவேண்டாம். வாயைத் தொடாமல் கையை மட்டும் கவனிக்கச் சொல்கிறார்கள். நான் இதுவரை கேட்ட அத்தனை எழுப்புதல் கூட்டங்களுக்கும் இந்த ஒரு பக்கம் போதும்.

இனி, இன்று நான் பேச வந்த காரியம்.

பிலிப்பி சபையில் வாலென்ஸ் என்று ஒரு மூப்பர் இருந்தார். பவுலுக்குப் பலமுறை பண உதவி அனுப்பிய சபை அது, கொடுத்துப் பழகியவர்கள். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிமிர்னாவின் கண்காணி பொலிக்கார்ப் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் எழுதுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிலிப்பியின்மேல் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கடிதத்தின் பதினோராம் பகுதியில் வாலென்ஸின் பெயர் வருகிறது. தனக்குக் கொடுக்கப்பட்ட ஸ்தானம் இன்னதென்று அறியாமல் போனாரே என்று பொலிக்கார்ப் துக்கப்படுகிறார். என்ன நடந்தது, எவ்வளவு தொகை, ஒன்றும் எழுதவில்லை. பண ஆசைக்கு விலகியிருங்கள் என்று அடுத்த வரியில் வருவதைக்கொண்டு நாமே புரிந்துகொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் தன்னைத்தானே ஆளத் தெரியாதவன் மற்றவனுக்கு எப்படிப் புத்தி சொல்வான் என்றும் கேட்கிறார். மூப்பராக அவர் மறுபடி வரலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆனால் வாலென்ஸோடு அவர் மனைவியையும் சேர்த்துச் சொல்கிறார். இருவருக்கும் கர்த்தர் உண்மையான மனந்திரும்புதலைத் தரவேண்டும் என்கிறார். அவர்களைச் சத்துருக்களாக எண்ணாதீர்கள், நோயுற்ற, வழிதப்பிய அவயவங்களாக எண்ணித் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் சரீரம் முழுமையாகும் என்று எழுதுகிறார். நர்ஸாக இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சீழ் பிடித்த காலைப் பார்த்து நாங்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஏன் வெட்கம் என்றால், நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் கட்டட நிதி காணாமல் போனது. பொறுப்பில் இருந்த அண்ணனை விலக்கினார்கள். விலக்கியது சரி, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அடுத்த வாரம் அவருடைய மனைவி வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து வேறு வரிசைக்குப் போனேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எங்களுடைய சாவியில் அந்த அக்காவும் ஒப்படைக்கப்பட்டிருந்தார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பணத்தை மட்டும்தான் எண்ணினோம்.

இந்த உரைக்காகப் பொலிக்கார்ப்பை மறுபடி எடுத்தபோது, ஒன்பது வருடம் கழித்து அவருக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, “யாரு?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “நீ நர்ஸ்தானே, முழங்கால் ரெண்டும் வீங்கியிருக்கு, என்னன்னு சொல்லு” என்றார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.