கற்றையகலம்: சொல்லும் பொருளும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குக் கால்வாயின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முல்லைப் பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து இம்மண்ணை வளப்படுத்தி வருகின்றது. அணையில் நீர் நிரம்பி நிற்பினும், வரும் வழி கொள்ளும் அளவுக்கு மேல் வயலுக்கு நீர் வாராது. இவ்வுண்மையை அறிந்தார்க்கு, இன்று எல்லார் நாவிலும் வழங்கும் ‘பேண்ட்வித்’ என்னும் சொல்லை விளக்குதல் எளிது.

முதற்பொருள்

ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றதோ அதுவே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். செய்தியைச் சுமந்து செல்ல ஒற்றை அதிர்வெண் போதாது. அடுத்தடுத்த அதிர்வெண்களின் தொகுதி வேண்டும். அத்தொகுதியின் மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழிக்கக் கிடைப்பதே பேண்ட்வித். மரபுவழித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கொண்டு சென்றது. எனவே அதன் அகலம் 3100 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு அது போதும்; இசைக்குப் போதாது.

நம் பகுதியினர் நன்கறிந்த கொடைக்கானல் பண்பலை 100.5 மெகா ஹெர்ட்ஸில் ஒலிபரப்பாவது. இவ்வெண் அதன் இருப்பிடத்தைக் குறிப்பதேயன்றி அகலத்தைக் குறிப்பதன்று. ஒரு பண்பலை நிலையத்திற்கு ஏறத்தாழ 200 கிலோ ஹெர்ட்ஸ் இடம் வேண்டும். மத்திய அலை நிலையங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியோ 9 கிலோ ஹெர்ட்ஸே. பண்பலையில் நாதசுர இசை நிறைவாக ஒலிப்பதற்கு இவ்வகலமும் ஒரு காரணமாகும்.

வழிப்பொருள்

கணினி பரவிய பின்னர் இச்சொல், ஒரு நொடியில் எத்தனை ‘பிட்’ செய்தி செல்லும் என்னும் அளவையும் குறிக்கலாயிற்று. இரண்டும் ஒன்றல்ல, எனினும் உறவுடையன. அவ்வுறவை 1948-இல் கணித வடிவில் நிறுவியவர் கிளாடு ஷானன். வழியின் அகலமும், இரைச்சலை நோக்கக் குறிப்பலைக்குள்ள வலிமையும் சேர்ந்தே கொள்ளளவை முடிவு செய்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. குறிப்பலை இரைச்சலைப்போல் ஆயிரம் மடங்கு வலிமையுடையதாயின், மேற்கூறிய 3100 ஹெர்ட்ஸ் வழியில் நொடிக்கு ஏறத்தாழ 31,000 பிட் வரை செல்லலாம். தூர் வாராத கால்வாய் அகன்றிருந்தும் பயன் குறைவது போல, இரைச்சல் மிகுந்த வழியும் பயன் குறையும்.

பிட் வேறு, பைட் வேறு. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். ‘நூறு மெகாபிட்’ இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே வரும். நம் அரசு 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட்டை அகன்ற அலைவரிசையின் கீழெல்லையாக வகுத்தது. 2023-இல் அது 2 மெகாபிட்டாக உயர்ந்தது. 25 மெகாபைட் அளவுள்ள பழந்தமிழ் நூலொன்றின் மின்படி முன்னதில் வந்துசேரப் பதின்மூன்று நிமிடமாகும். பின்னதில் நூறு நொடி போதும்.

தமிழாக்கம்

தமிழில் இதனைப் பட்டையகலம், கற்றையகலம், அலைவரிசை எனப் பலவாறு எழுதுகின்றனர். ‘அலைக்கற்றை’ என்பது நாளிதழ்கள் வாயிலாக ‘ஸ்பெக்ட்ரம்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. கற்றை என்பது தொகுதி. கூந்தற்கற்றை, ஒளிக்கற்றை என்பன நம் வழக்கு. ஆதலின் அதிர்வெண் தொகுதியை அலைக்கற்றை என்றும், அதன் அளவைக் கற்றையகலம் என்றும், பிட் கணக்கைச் செய்திக் கொள்ளளவு என்றும் பிரித்து வழங்குதல் தெளிவு தரும். கலைச்சொல் களஞ்சியங்களைத் தொகுத்தளித்த மணவை முஸ்தபா (1935-2017) போன்றோர் தம் வாழ்நாளை இப்பணிக்கு ஈந்தனர். அவ்வழி தொடர்தல் தமிழ் பயில்வோர் கடன்.

சொல்லால் வரும் பயன்

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை கைப்பேசிக்குள் அடங்கியது. ஆசிரியரின் குரல் இடையிடையே அறுந்தபோது, ‘நெட் ஸ்லோ’ என்று கூறுவதற்கு மேல் பலரால் இயலவில்லை. ஆயின் காரணம் ஒன்றன்று. கற்றையகலம் குறைவாயிருக்கலாம், ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்ந்திருக்கலாம், மலை மறைத்துக் குறிப்பலை நலிந்திருக்கலாம், செய்தி கடக்கும் தொலைவு நெடியதாயிருக்கலாம். நிலத்திற்கு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே ஒரு சொல் சென்றுசேரக் கால் நொடியளவு ஆகும். அகலத்தைக் கூட்டினும் அத்தாமதம் நீங்காது.

நோய் நாடி நோய் முதல் நாடுதல் மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. கால்வாய் குறுகிற்றா, தூர்ந்ததா, மடை மாறிற்றா எனப் பிரித்துரைக்கும் உழவர்க்கே தீர்வு கிட்டும். அவ்வாறே தம் குறையைச் சரியான சொல்லால் எடுத்துரைக்கவல்ல மாணவரே அதற்குரிய தீர்வைக் கேட்டுப் பெறுவர். சொல்லைத் தமிழில் ஆக்குவதன் நோக்கமும் அதுவே.