பழைய ஜீன்ஸில் செடிப் பை

வீட்டு வாசலில் இரண்டு மிளகாய்ச் செடி வைக்கத் தொட்டி வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காற்சட்டை ஒன்று போதும். ஒவ்வொரு காலின் தொடைப் பகுதியிலும் 40 சென்டிமீட்டர் நீளம் வெட்டி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடுங்கள். அடியின் இரு மூலைகளையும் முக்கோணமாக மடித்துக் குறுக்கே தைத்துத் திருப்பினால் பை சாயாமல் நிற்கும். ஊசியில் நூல் கோக்கச் சிரமமா? பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

அதிகப்படி நீர் துணி வழியே வடிவதால் வேர் எளிதில் அழுகாது. ஆனால், அந்த நீர் அடித்தட்டில் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை கொசுக்களாகிவிடும். டெங்கிக் காய்ச்சல் முதியவர்களைக் கடுமையாகப் பாதிக்கலாம். எனவே, ஒவ்வொரு முறையும் நீர் வடிந்தவுடன் தட்டைக் காலி செய்யுங்கள். வாரம் ஒருமுறையாவது அதன் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

ஈரமண் கனமானது. பையை அதற்குரிய இடத்தில் வைத்த பிறகு மண் நிரப்புங்கள். தூக்கி நகர்த்தி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள். தடுப்புச்சுவரின்மேல் வைக்கவே வேண்டாம்.